ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இஞ்சின் பிடிக்கவில்லை: ஹந்தானையிலிருந்து அம்பிட்டிய வரை

போன ஜனவரியில் கண்டிக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. வத்தளையில் என்னோடு ஒரே அறையில் வருடக்கணக்காகக் குடியிருந்த சிநேகிதி ஸ்டெல்லா, கன்னியாஸ்திரியாக முதல் வார்த்தைப்பாடு கொடுக்கிற நாள் அது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, அம்பிட்டியவில் இருக்கும் ஒரு மடத்துச் சிற்றாலயத்தில் சடங்கு. எனக்கு ஒப்படைக்கப்பட்ட வேலை ஒன்றுதான். ஹந்தானைத் தோட்டத்தில் இருக்கும் அவளுடைய அம்மா ரோசம்மாவைக் காரில் ஏற்றி நேரத்துக்கு அங்கே கொண்டுபோய் இறக்க வேண்டும். கேட்க இலேசான வேலை. ஆனால் ரோசம்மா, மகள் மடத்தில் சேர்ந்த நாளிலிருந்தே அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று நின்றவர்.

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வார்த்தைப்பாடு கொடுக்கிற பிள்ளையை அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துப் பீடம் வரை நடத்திக்கொண்டு போவார்கள். ஸ்டெல்லாவுக்கு அப்பா இல்லை. அம்மாவும் வராவிட்டால் அவள் தனியே நடக்க வேண்டும். "வரலேன்னா பரவாயில்ல வாணி" என்று தொலைபேசியில் சொன்னாள். பிறகு வேறு கதை பேசினாள். பிறகு மறுபடியும் "பரவாயில்ல" என்றாள். பரவாயில்லை என்பதை அப்படித் திரும்பத் திரும்பச் சொல்கிறவளுக்கு உள்ளே என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியாதா?

என் காரைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதற்காகவே பாதிப் பேர் இந்த வலைப்பக்கத்துக்கு வருகிறீர்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் ஜப்பானில் செய்தது, இன்னும் ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய நம்பர் தகட்டோடு ஓடுகிறது. கார்பரேட்டர் வைத்த இஞ்சின். கம்ப்யூட்டர் என்று ஒரு சாமானும் கிடையாது. பார்க்கிறவர்கள் எல்லாம் "இன்னும் ஓடுதா?" என்று கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓடாமலா முன்னால் வந்து நிற்கிறது?

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு வத்தளையில் புறப்பட்டேன். கண்டி நூற்றுப் பத்துக் கிலோமீட்டர். கேகாலை தாண்டும்வரை லொறிகளுக்குப் பின்னால் ஊர்வலம்தான். அதன் பிறகு கடுகண்ணாவை ஏற்றம். பழைய கார் வைத்திருப்பவர்கள் அங்கே வெப்பமானி முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. நான் மேலே ஏறியதும் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருக்கும் கடைகளில் ஒன்றில் நிறுத்தி, இஞ்சினையும் ஆறவிட்டு நானும் ஆறினேன். ஆப்பமும் கட்டச்சம்பலும் தேநீரும் அறுநூற்று ஐம்பது ரூபாய். பத்லேகலை மலை எதிரே மேசை போட்டது மாதிரி நிற்க, அந்தச் சம்பலின் உறைப்பில் மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிடுவதற்காகவே அந்த ஏற்றத்தை இன்னொரு தரம் ஏறலாம்.

கண்டி நகரத்துக்குள் நுழைந்தால் ஒருவழிப் பாதைகளில் மாட்டிக்கொள்வீர்கள். பெரியாஸ்பத்திரிப் பக்கமாக வந்து ஹந்தானை வீதியைப் பிடியுங்கள். வீதி ஒடுக்கம், ஏற்றம் செங்குத்து. பாதி தூரம் முதல் கியரில்தான். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் நகரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிப் போகும். குளம் ஒரு கைக்கண்ணாடி அளவுக்குச் சுருங்கும். தேயிலைக்கு மேலே பைன் மரங்கள், அதற்கும் மேலே புல் மலை. எதிர்ப்புறம் தூரத்தில் நக்கிள்ஸ் மலைத்தொடர் நீலமாகத் தெரியும். நான் யாழ்ப்பாணத்துத் தட்டை நிலத்தில் பிறந்தவள். இப்படி ஒரு நிலத்தைப் பார்த்தால் எனக்கு வாய் மூடாது.

ரோசம்மாவின் வீடு தேயிலை நூதனசாலையை, அதுதான் மியூசியத்தை, தாண்டி ஒன்றரைக் கிலோமீட்டரில், தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் ஒரு லயத்தில். முன்பக்கம் ரோஜாச் செடிகள், உள்ளே மாதா படம், அதற்குக் கீழே ஸ்டெல்லாவின் பட்டமளிப்புப் படம். அன்று பின்னேரம் முழுவதும் அவர் மகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தேங்காய் ரொட்டி சுட்டுப் போட்டுக்கொண்டே இருந்தார். நான்தான் கடைசியில் கேட்டேன், நாளைக்கு வருவீர்கள்தானே என்று.

"ஊருக்கெல்லாம் மகளா போறாளாம். நல்லது. எனக்கு மட்டும் இல்லாம போறா. அத நான் போய் கையப் புடிச்சிக் குடுத்துட்டு வரணுமா?" என்றார்.

நான் இன்னொரு ரொட்டியை எடுத்துச் சாப்பிட்டேன்.

ஆனால் காலையில் எழும்பிப் பார்த்தால் குளித்து, மகள் வாங்கிக் கொடுத்த சாம்பல் நிறப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருக்கிறார். முகம் மட்டும் நேற்றுப்போலவே இறுக்கம். கேட்டுக் கெடுப்பானேன் என்று நான் கார்ச் சாவியை எடுத்தேன்.

வெளியே லயமே கூடி நின்றது. அந்த லயத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் இரண்டோ மூன்றோதான். மற்ற எல்லோரும் மாரியம்மனையும் முனியாண்டியையும் கும்பிடுகிறவர்கள். ஸ்டெல்லா எல்லோருடைய பிள்ளைகளுக்கும் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். அதனால் இது அவர்களுக்கும் வீட்டு விசேஷம்தான். முன் கண்ணாடியில் செவ்வந்தி மாலை கட்டியாகிவிட்டது. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. பக்கத்து வீட்டு சுப்பையா அண்ணன், முனியாண்டி கோயிலில் பூசை வைப்பவர், சூடத்தட்டும் ஒரு பெரிய செம்பு நிறைய மஞ்சள் தண்ணீருமாக நின்றார்.

"கல்யாண வண்டி மாதிரிதானேங்க இதுவும்" என்றார். "மூடிய தெறந்து விடுங்க. இஞ்சினுக்கும் தெளிக்கணும். ஓடுறது அதுதான?"

அந்த நியாயத்தை யார் மறுக்க முடியும்? அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் வண்டிப் பூசை என்றால் முன் பம்பரோடு நிற்பதில்லை, இஞ்சினுக்கும் மரியாதை உண்டு. நான் ஆசையோடு பொனட்டைத் திறந்து காட்டினேன். மற்ற இடங்களுக்கு வேப்பிலையால் தெளித்தவர், இஞ்சினுக்கு வந்ததும் மனம் குளிர்ந்து செம்பையே சரித்துவிட்டார். பெண்கள் குலவை இட்டார்கள். எனக்குக் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை. சாவியைத் திருப்பியதும் கார் உடனே பிடித்தது. எட்டே முக்காலுக்குப் புறப்பட்டோம். அம்பிட்டியவுக்கு மொத்தம் பத்துக் கிலோமீட்டர் வராது.

ஒரு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம். நகரமும் குளமும் முதன்முதலாகக் கண்ணில் படுகிற வளைவில், "நிப்பாட்டுங்க புள்ள" என்றார் ரோசம்மா. ஓரமாக நிறுத்தினேன். இறங்கிப் போய் வீதியோர மதகுக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"நான் வரல. நீங்க போங்க. காய்ச்சல்னு சொல்லுங்க."

இஞ்சினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்னென்னவோ சொன்னேன். ஸ்டெல்லா வத்தளை அறையில் அம்மாவின் சட்டை ஒன்றைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்ததைச் சொன்னேன். அது அவருக்குத் தெரியாது. நெடுநேரம் கீழே குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெருமூச்சு விட்டு எழும்பி, தானே வந்து முன் சீட்டில் ஏறினார். நானும் ஓடிவந்து ஏறிச் சாவியைத் திருப்பினேன்.

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது. இஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடியும் திருப்பினேன். சுற்றுகிறது, பிடிக்கவில்லை. இறக்கம்தானே என்று உருட்டி, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டுப் பார்த்தேன். கார் குலுங்கியதே தவிர உயிர் வரவில்லை. இஞ்சின் ஓடாமல் அந்த இறக்கத்தில் உருளுவது மடத்தனம், பிரேக் கட்டையாக இறுகிவிடும். கால் முழுவதையும் ஊன்றி, தேயிலைக் கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கு முன்னால் இருந்த சமதரையில் நிறுத்தி டயருக்குக் கல் வைத்தேன்.

ரோசம்மா மெதுவாகச் சொன்னார். "பாத்தீங்களா புள்ள. மாதாவே வேணாங்குறாங்க."

"அம்மா, பழைய கார் அப்பிடித்தான். நான் ஒரு ஓட்டோ பிடிக்கிறன்."

"ஓட்டோவும் வேணாம், ஒண்ணும் வேணாம். இந்த வண்டி கெளம்புனா போறேன். கெளம்பலேன்னா வீட்டுக்குப் போறேன். அவுங்களே தீர்மானிக்கட்டும்."

சொல்லிவிட்டு ஜெபமாலையை எடுத்துவிட்டார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஒரு தாயின் மனதைத் திருப்ப வேண்டியிருந்தது. இப்போது ஒரு இஞ்சினைத் திருப்ப வேண்டும். பரவாயில்லை, இது கொஞ்சம் எனக்குத் தெரிந்த வேலை என்று பொனட்டைத் திறந்தேன்.

பழைய கார் வைத்திருப்பவர்களே, இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றுகிறதென்றால் பற்றரியும் ஸ்டார்ட்டரும் நலம். அவற்றைத் திட்டாதீர்கள். மிச்சம் இருப்பது பெற்றோல் வருகிறதா, நெருப்புப் பொறி வருகிறதா என்ற இரண்டு கேள்விகள்தான். என் கார்பரேட்டரில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. பெற்றோல் அதன் நடுக்கோட்டில் சரியாக நின்றது. போதாததற்கு, நான் சாவியைத் திருப்பித் திருப்பி இஞ்சின் முழுவதும் பெற்றோல் மணம். ஆகவே பெற்றோல் இருக்கிறது, பொறிதான் இல்லை. இதுவரைக்கும் என் கணக்குச் சரி. ஆனால் பொறியைச் சோதிக்க ஒருவர் சாவியைத் திருப்ப வேண்டும், ஒருவர் வயரைப் பிடிக்க வேண்டும். எனக்கு இருந்த ஒரே ஆள் மாதாவோடு பேசிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கீழேயிருந்து ஒரு சிவப்புக் கார் விக்கி விக்கி ஏறி வந்தது. முன்னாலும் பின்னாலும் எல் பலகை. எங்களைக் கண்டதும் ஒரு துள்ளுத் துள்ளி நின்றுவிட்டது. இடப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு, வெள்ளை ஹிஜாப் அணிந்த, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இறங்கினார். ஓட்டுநர் சீட்டில் வியர்த்துக்கொட்டி உட்கார்ந்திருந்த மனிதரைக் குனிந்து பார்த்து, "கிளட்ச் கிளட்ச்னு தொண்ட கிழிய கத்தினேன். காதுல விழல்லயா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "என்ன தங்கச்சி, சுத்துது, புடிக்குதில்லயா? வளைவுலேந்தே கேட்டிச்சி."

மடவளையில் லேர்னர்ஸ், அதாவது கார் ஓட்டப் பழக்குகிற பள்ளி, நடத்துகிற ஃபரீனா அவர். ஏற்றத்தில் வண்டி எடுக்கப் பழக்குவதற்கு ஹந்தானையைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாதாம். வியர்த்த மனிதர் நஸீர், பிடவைக் கடைக்காரர், அவருடைய கணவர்தான். "ஊர்ல பாதிப் பேருக்கு லைசன் எடுத்துக் குடுத்தீக்கிறேன். எங்கட மாப்பிள்ளக்கி மட்டும் ட்ரயல் பாஸாகுதில்ல. ஆக்கள்கிட்ட செல்லிப்போடாதீங்க" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார். நஸீர் பாவம், சிரித்துக்கொண்டே வேர்வையைத் துடைத்தார்.

நான் பார்த்ததையெல்லாம் சொன்னேன். அவர் கார்பரேட்டர் ஜன்னலைத் தானும் ஒரு தரம் பார்த்து, "சரி, பெற்றோலுக்கு நீங்க செல்ற சரி. மிச்சத்த பார்ப்போம்" என்றார். தன் காரிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கொண்டுவந்தார். அதற்குள் பழைய ஸ்பார்க் பிளக் ஒன்று, நட்டுக் கழற்றும் சாவிகள், உடுப்புக் கொடிக்குப் போடுகிற மரக் கிளிப்புகள்.

நஸீரை என் சீட்டில் ஏற்றி, "நான் செல்லும்போ மட்டும் திருப்புங்க. கியர்ல கைய வெக்காதீங்க" என்று கட்டளை போட்டார். ஒரு பிளக் வயரைக் கழற்றி, தன் பழைய பிளக்கைச் செருகி, அதை இஞ்சினின் இரும்போடு ஒட்டி வைத்து மரக் கிளிப்பால் பிடித்தார். நஸீர் திருப்பினார். பொறி இல்லை. அடுத்து, பிளக் வயர்களின் நடுவில் வந்து இறங்குகிற தடித்த வயரை நான் கழற்றி, இன்னொரு கிளிப்பால் இரும்புக்கு அருகே பிடித்தேன். நஸீர் திருப்பினார். பட் பட்டென்று நீலப் பொறி.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அந்த நிமிடத்தை எப்படிச் சொல்வேன்? தடித்த வயர் வரைக்கும் நெருப்பு வருகிறது, பிளக் வயரில் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒன்றே ஒன்று, நாலு பிளக்குக்கும் முறைவைத்துப் பொறியைப் பங்கிடுகிற டிஸ்ரிபியூட்டர். முன்பின் தெரியாத ஒரு மனுஷியோடு நின்று, இது இல்லை, இதுவும் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து குற்றவாளியின் வாசலில் நிற்பதில் இருக்கிற சந்தோஷம் இருக்கிறதே, அது எந்தக் காட்சிமுனையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஃபரீனா அதன் இரண்டு கொக்கிகளையும் தள்ளி, கறுப்பு மூடியைக் கழற்றி மல்லாக்கப் பிடித்தார். உள்ளே முழுவதும் ஈரம். அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், அதுவும் மஞ்சளாக.

விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். "இது என்ன, மஞ்ச தண்ணியா?"

நான் பூசையைச் சொன்னேன். மூடியின் ஓரத்து வெடிப்பு வழியாக உள்ளே போயிருக்கும். அடியில் தங்கியது போக மிச்சம் இஞ்சின் சூட்டில் ஆவியாகி, நான் நிறுத்தி வைத்த நேரத்தில் குளிர்ந்து உள்ளேயே வியர்த்திருக்கும். அதனால்தான் முதலில் பிடித்த கார் பிறகு பிடிக்கவில்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் பின்னால் ரோசம்மா வந்து நின்றது தெரிந்தது. ஐயோ, கெட்டது காரியம் என்று நினைத்தேன். சாமிக்கு வைத்த தண்ணீரே வண்டியை நிறுத்திவிட்டதென்றால் இதைவிடப் பெரிய சகுனம் வேண்டுமா?

ரோசம்மா அதையேதான் சொன்னார். "அப்ப சாமி தண்ணியே மறிச்சிருச்சா?"

ஃபரீனா என்னைப் பார்த்தார். அம்மா எங்கே போகிறார், ஏன் போக மனமில்லை, காரை வைத்து என்ன சபதம் எடுத்திருக்கிறார் என்பதை நான் தாழ்ந்த குரலில் அவசரமாகச் சொல்லி முடித்தேன். அவர் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் மூடியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அம்மா, தண்ணிக்கு ஒண்ணும் தெரியாது. நல்ல மனசோட ஊத்தீக்கிறாங்க, கொஞ்சம் கூடிப்போச்சி, அவ்வளவுதான்" என்றார். பிறகு மூடியை நீட்டினார். "இந்தாங்க. இது காய்ஞ்சா வண்டி போகும். ஈரம் ஈந்தா போகாது. நீங்களே தொடைங்க."

நீயே செய்துவிடேன் அக்கா, என்னத்துக்கு அவரிடம் கொடுக்கிறாய் என்று கத்தலாம்போல் இருந்தது. ஃபரீனா கண்ணாலேயே என்னை அடக்கினார்.

ரோசம்மா மூடியை வாங்கினார். ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். கைக்குட்டையை எடுத்து உள்ளே விட்டு ஒரு சுற்றுத் துடைத்தார். அது நனைந்துவிட்டது. கீழே நகரத்தில் எங்கேயோ பஸ் ஹோர்ன் அடித்தது. அவர் சேலையின் முந்தானையை இழுத்தார், அந்தப் பட்டு முந்தானையை. அதன் நுனியை விரலில் சுற்றி, மூடிக்குள் இருந்த நாலு செப்பு முனைகளையும் ஒவ்வொன்றாக, குழந்தையின் காதைத் துடைக்கிற மாதிரித் துடைத்தார். நடுவில் இருந்த கரிமுனையைத் துடைத்தார். வெயிலில் பிடித்துப் பார்த்தார். ஓரத்து வெடிப்புக்குள் ஈரம் மின்னியது. வாயால் ஊதி ஊதி அதையும் துடைத்தார். நஸீர் கார் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதுமா டீச்சர்?" என்று ரோசம்மா மூடியை நீட்டினார். பட்டில் கறுப்பும் மஞ்சளும் திட்டுத் திட்டாக அப்பியிருந்தது.

ஃபரீனா வாங்கி, தன் பெட்டியிலிருந்த உலர்ந்த துணியால் உள்ளே சுழல்கிற துண்டையும் துடைத்து, மூடியைப் பூட்டினார். இஞ்சினுக்குள் பெற்றோல் நிறைந்திருந்ததால் அக்சிலேட்டர் பெடலை முழுவதும் அமர்த்திக்கொண்டு திருப்பச் சொன்னார். நான் போய் உட்கார்ந்தேன். முதல் தரம் பிடிக்கவில்லை. இரண்டாம் தரம் இருமியது. மூன்றாம் தரம் ஒரு குண்டுப் புகையோடு பிடித்து நின்றது. நஸீர் கை தட்டினார். நான் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டேன். ரோசம்மா வந்து முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

ஃபரீனா காசு என்ற பேச்சையே எடுக்க விடவில்லை. "இவரு இன்னைக்கி எறங்கி ஏற ஒரு சாட்டு கெடச்சிச்சி, அதுவே போதும்" என்று கணவரைக் காட்டினார். ரோசம்மாவின் ஜன்னலில் குனிந்து, "போயிட்டு வாங்க அம்மா. எனக்கும் ஒரு மகள் ஈக்கிறா" என்று மட்டும் சொன்னார். இப்படியான ஆட்களைச் சந்திப்பதற்காகவாவது பழைய கார் வைத்திருக்க வேண்டும். புதுக்காரில் போயிருந்தால் அவரை ஒரு சிவப்புப் புள்ளியாகக் கடந்து போயிருப்பேன்.

நகரத்தில் குளத்தைச் சுற்றி வாகனம் நெரிந்தது. அம்பிட்டிய வீதி ஏறி மடத்து வாசலுக்குள் நுழையும்போது பத்து ஐந்து. பவனி தொடங்குவதற்காக எல்லோரும் வரிசையில் நின்றார்கள். மற்றப் பிள்ளைகள் எல்லோருக்கும் இரண்டு பக்கமும் ஆட்கள். கடைசியில் ஸ்டெல்லா தனியே, வெள்ளை உடுப்பில், மெழுகுதிரியோடு. இஞ்சின் சத்தம் கேட்டுத் திரும்பினாள். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியாதா?

ரோசம்மா இறங்கி நடந்தார். பக்கத்தில் போனதும் கைகளை விரித்துப் பார்த்தார். விரலெல்லாம் கரி. முதுகுக்குப் பின்னால் மறைக்கப் போனார். ஸ்டெல்லா மெழுகுதிரியை மற்றக் கைக்கு மாற்றிவிட்டு அந்தக் கரிக்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். "அம்மா" என்றாள். நான் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்காத குறையாக அழுதேன். இரண்டு பேரும் பீடம் வரை சேர்ந்து நடந்தார்கள்.

சரி, போக நினைக்கிறவர்களுக்கு. ஹந்தானைக்குக் கண்டி நகரத்திலிருந்து ஓட்டோவில் எழுநூறு ரூபாய் கேட்டார்கள். மழைக்காலத்தில் மலை ஏறப் போகாதீர்கள், அட்டை விடாது. சொந்தக் காரில் போனால் இறங்கும்போதும் முதல், இரண்டாம் கியரில்தான், பிரேக்கை நம்பாதீர்கள். இஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டவே கூடாது, நான் உருட்டினேன் என்று சொல்லிக்கொண்டு வராதீர்கள். பழைய கார்க்காரர்கள் ஒரு உலர்ந்த துணி, ஒரு பழைய பிளக், இரண்டு மரக் கிளிப் வைத்திருங்கள். பொறி சோதிக்கும்போது வயரை வெறுங்கையால் தொட வேண்டாம், பெற்றோல் சிந்தியிருந்தால் காயும்வரை பொறுங்கள். பிடிக்காத இஞ்சினை விடாமல் சுற்றினால் நல்ல பற்றரியும் செத்துவிடும், நடுவில் மூச்சு விடுங்கள். மூடி வெடித்ததைக் கவனிக்காமல் விட்ட என் பிழையும் ஒரு பாடம்தான். வெடித்த மூடியை வத்தளைக்கு வந்த கையோடு மாற்றிவிட்டேன். பூசையை நிறுத்தச் சொல்ல மாட்டேன். இஞ்சினுக்குத் தெளிக்க வேண்டுமென்றால் டிஸ்ரிபியூட்டர்மேல் ஒரு பொலித்தீன் பையைப் போட்டுவிட்டு மனம் நிறையத் தெளியுங்கள்.

பின்னேரம் மடத்துச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ரோசம்மாவைத் திரும்ப ஹந்தானைக்குக் கூட்டிப் போனேன். கார் ஒரு சத்தமும் போடாமல் ஏறியது. அவர் அழுது முகம் வீங்கியிருந்தாலும், நேற்று இருந்த இறுக்கம் இல்லை. மகள் எவ்வளவு மெலிந்துவிட்டாள், மடத்தில் என்னத்தைச் சமைத்துப் போடுகிறார்களோ என்று குறைப்பட்டுக்கொண்டே வந்தார். எனக்கும் துணிவு வந்துவிட்டது.

"கடைசியில மாதா ஓம், போ எண்டு சொல்லிப்போட்டா, என்னம்மா?" என்று சீண்டினேன்.

ரோசம்மா முந்தானை நுனியைப் பிரித்து, அதில் இருந்த கரியையும் மஞ்சளையும் பார்த்தார்.

"மாதா எங்க புள்ள சொன்னாங்க? கொஞ்சம் ஈரத்தோட குடுத்திருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? நான்தான் தொடச்சேன்."